பட்டியலில் பேர், பந்தியில் இலை

மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. சம்பளத்துக்குச் செய்கிற வேலையில்லை. சங்க வேலையாகத் தொடங்கியது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வட மாவட்டத்துச் சேரிகளுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடுவில் நடந்துகொண்டிருக்கிறேன். சாதிச் சான்றிதழ், மனைப்பட்டா, முதியோர் பென்ஷன், வன்கொடுமைச் சட்டப் புகார், எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். இதில் எழுதவே கஷ்டமான மனு எது என்றால், வெளியே தெரியாத ஊனத்துக்கு எழுதுகிற மனுதான்.

கால் இல்லாதவருக்கு மனு கொண்டுபோனால் அதிகாரி ஏறிட்டுப் பார்க்கிறார். நாலு தடவை அலைய விட்டாலும் கடைசியில் கையெழுத்துப் போடுகிறார். காதுக்குள் யாரோ பேசுகிற குரல் விடாமல் கேட்கிறவருக்கு, மாசம் இரண்டு தரம் வலிப்பு வந்து விழுகிறவளுக்கு, எலும்புக்குள் வலி குடைந்து சுருண்டு படுக்கிற அரிவாள் செல் நோய்க்காரப் பையனுக்கு, வாயால் கேட்டால் எல்லாம் சொல்லி எழுதச் சொன்னால் திணறிப்போகிற பிள்ளைக்கு மனு கொண்டுபோனால் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "நல்லாத்தானே இருக்கான்?"

அந்தக் கேள்வி அந்த அதிகாரியோடு பிறந்ததில்லை. அவருக்கு முன்னால் நூற்றைம்பது வருஷச் சட்டம் அதையே கேட்டிருக்கிறது. அந்த வரலாற்றை எனக்குத் தெரிந்தவரை இங்கே சொல்கிறேன்.

'நமக்கு ஆயிரம் பிரச்சினை, இதுல இது வேறயா' என்று ஒரு கூட்டத்தில் தோழர் ஒருவர் கேட்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டு மொத்தத்தில் ஊனமுற்றோர் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரில் மட்டும் 2.45 சதவீதம். கல் குவாரியும் கழிவுநீர்த் தொட்டியும் செங்கல் சூளையும் யாருடைய உடம்பைத் தின்கின்றன என்று நமக்குத் தெரியும். பிரசவம் தாமதமாகிக் குழந்தையின் மூளையில் படுகிற அடியும், கவனிக்காமல் விட்ட மூளைக்காய்ச்சலும் பிற்பாடு வலிப்பாக வருவதும் யார் வீட்டில் என்று தெரியும். இது கணக்கெடுப்பில் அகப்பட்டவர்களின் கணக்கு மட்டும்தான். அதே 2011-ல் நாடு முழுக்க மனநோய் உள்ளவர்கள் என்று எழுதிக்கொண்டது 7 லட்சத்துச் சொச்சம் பேரை. 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. இரண்டுக்கும் அளவுகோல் வேறுதான். ஆய்வில் லேசான கோளாறும் சேர்த்தி. அப்படிக் கழித்துப் பார்த்தாலும், எத்தனை பேர் கணக்கிலேயே வராமல் போனார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

*

கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்த 1858-ல் பைத்தியக்காரர் பற்றி மூன்று சட்டங்கள் போட்டார்கள். 34, 35, 36 என்று வரிசை எண். அதில் இரண்டு, சித்தம் கலங்கியவரின் சொத்தை யார் நிர்வகிப்பது என்பதைப் பற்றியது. ஒன்று பைத்தியக்கார விடுதியைப் பற்றியது. மூன்றில் இரண்டு சொத்துக்கு. இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் புரியும்.

1912-ல் இவற்றைத் திரட்டி இந்தியப் பைத்தியக்காரர் சட்டம் என்று ஒன்றாக்கினார்கள். அதற்கும் இரண்டு வாசல். நிலம் நீச்சு உள்ளவருக்கு நீதிமன்றத்தில் விசாரணை, சாட்சி, சொத்துக்கு ஒரு நிர்வாகி. ஒன்றும் இல்லாதவருக்கு 13-ஆம் பிரிவு. ரோட்டில் திரிகிற ஒருவர் சித்தம் கலங்கியவர் என்று போலீஸ் ஸ்டேஷன் அதிகாரி நம்பினால் போதும், பிடித்துக்கொண்டு போகலாம். மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தி விடுதிக்கு அனுப்பலாம். சொத்து இருந்தால் நீதிபதி, இல்லாவிட்டால் ஏட்டையா.

திரிகிற மனுஷன் என்றாலே அந்த ஆட்சிக்குப் பயம். 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் வடக்கே வந்தது. 1911 சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் இறங்கியது. ஒரு சட்டம் பிறப்பைப் பார்த்துக் குற்றவாளி என்றது, அடுத்த வருஷம் வந்த சட்டம் நடையைப் பார்த்துப் பைத்தியம் என்றது. இரண்டையும் அமல்படுத்தியது ஒரே போலீஸ்.

சென்னையில் 1794-லேயே வாலண்டைன் கோனலி என்ற வெள்ளைக்கார வைத்தியர் ஒரு பைத்தியக்கார இல்லம் தொடங்கியிருந்தார். 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் இப்போதுள்ள இடத்துக்கு அரசாங்க விடுதி வந்தது. அதுக்கப்புறம் தமிழில் கீழ்ப்பாக்கம் என்பது ஊர்ப் பெயராக மட்டும் இருக்கவில்லை. 'கீழ்ப்பாக்கத்துல சேக்க வேண்டிய கேசு' என்று சினிமாவிலும் டீக்கடையிலும் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். சாதிப் பெயரை வசவாகச் சொன்னால் சண்டைக்குப் போகிற நாமும் இதைச் சொல்கிறோம். மதிலுக்கு உள்ளே இருந்தவர்களைப் பற்றி வெளியே இருந்த தமிழ்ச் சமூகம் தெரிந்துகொண்டது இந்த வசவு ஒன்றைத்தான்.

*

1950-ல் அரசியல் சட்டம் வந்தது. 17-ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 15-ஆவது உறுப்பு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றை வைத்து அரசு பாகுபாடு காட்டக்கூடாது என்றது. அந்த வரிசையில் ஊனம் இல்லை. ஊனம் என்கிற சொல் 41-ஆவது உறுப்பில் வருகிறது. முதுமை, நோய், ஊனம் வந்தால் அரசு உதவ வேண்டும், தன் பொருளாதார சக்திக்கு உட்பட்டு. அது வழிகாட்டு நெறிப் பகுதி. கோர்ட்டுக்குப் போய்க் கொடு என்று கேட்க முடியாத பகுதி. 326-ஆவது உறுப்பில் இன்னொரு இடத்தில் வருகிறது: சித்த சுவாதீனம் இல்லாதவருக்குச் சட்டம் வாக்குரிமையை மறுக்கலாம். ஒரு இடத்தில் தயவு, ஒரு இடத்தில் தடை. உரிமை என்று ஒரு இடத்திலும் எழுதப்படவில்லை.

1912 சட்டமோ சுதந்திரம் வந்தும் போகவில்லை. 1987-ல் மனநலச் சட்டம் நிறைவேறியது. அது அமலுக்கு வர 1993 ஏப்ரல் 1 ஆயிற்று. ஆக, வெள்ளைக்காரன் போன பிறகும் 45 வருஷம் அவன் சட்டத்தில்தான் நம் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதே 1993 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்திலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. ஷீலா பர்சே என்ற பத்திரிகையாளர் 1989-ல் போட்ட வழக்கு. மேற்கு வங்கச் சிறைகளில் எந்தக் குற்றமும் செய்யாதவர்களை, சித்தம் சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக, அடைத்து வைத்திருந்தார்கள். 'குற்றவாளி அல்லாத பைத்தியக்காரர்' என்று அவர்களுக்கு ஒரு தனிப் பெயரே ரெக்கார்டில் இருந்தது. குற்றவாளி இல்லை என்று எழுதி வைத்துக்கொண்டே ஜெயிலில் வைத்திருந்தார்கள் என்றால் அந்த நிர்வாகத்தின் மனசாட்சியை என்னவென்று சொல்வது? அப்படி அடைப்பது சட்ட விரோதம், அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு கட்சியும் ஊர்வலம் போகாத விஷயம் இது. ஒரு பெண், கையில் மனுவோடு போய்க் கதவைத் தட்டியதில் திறந்தது. நம் மாதிரி மனு எழுதுகிறவர்கள் இந்தப் பெயரை மறக்கக் கூடாது.

*

1995-ல் ஊனமுற்றோர் சட்டம் வந்தது. 1996 பிப்ரவரி 7-ல் அமலானது. ஏழு வகை ஊனம் என்று பட்டியல் போட்டார்கள். பார்வையின்மை, குறைப்பார்வை, குணமான தொழுநோய், செவித்திறன் குறைவு, கை கால் ஊனம், அறிவு வளர்ச்சிக் குறைவு, மனநோய். கடைசி இரண்டையும் பார்த்ததும் பெற்றோர்கள் சந்தோஷப்பட்டார்கள். 33-ஆம் பிரிவைப் புரட்டியதும் அது போயிற்று. அரசு வேலையில் 3 சதவீத இட ஒதுக்கீடு. கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, மூளை வாதத்தையும் சேர்த்துக் கை காலுக்கு ஒன்று. மனநோய்க்கும் அறிவு வளர்ச்சிக் குறைவுக்கும் ஒன்றுமில்லை.

பட்டியலில் பேர் உண்டு, பந்தியில் இலை இல்லை. நமக்கு இது புதுசா? ஊர்த் திருவிழாவுக்கு வரி வாங்க நோட்டில் நம் பேர் இருக்கும். சாப்பாட்டுக்கு உட்காரப் போனால் இலை இருக்காது. கேட்டால் 'உங்களுக்கு அப்புறம்' என்பார்கள். அந்த 'அப்புறம்' மனநோய்க்காரர்களுக்கு வர 2016 ஆயிற்று. இருபத்தோரு வருஷம்.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளுக்குப் பன்னிரண்டு வயசிலிருந்து வலிப்பு. காக்கா வலிப்பு என்பார்கள். ஒரு நடவுக் காலம். கயினியில் நாத்து நட்டுக்கொண்டிருந்தவள் சேத்துலயே விழுந்துட்டா. கை கால் இழுக்குது, வாயில நுரை. வரப்புல நின்னுட்டிருந்த ஊர்க்காரர் ஒருத்தர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவுத்தார். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது நம்பிக்கை. மருத்துவத்தில் அதுக்கு ஆதாரம் கிடையாது, அது வேற சங்கதி. அவர் கிட்ட வரல. வரப்புல நின்ன எடத்துலருந்தே சாவியை எறிஞ்சார். அவ கைல படல, சேத்துல போய் விழுந்துச்சு. அப்புறம் அந்தச் சாவியைத் தேடி எடுத்துக் கழுவி வரப்புல வெச்சவ எங்கம்மாதான். அதையும் அவர் கையில் வாங்கல.

அக்காவை அன்றைக்குத் தொடாமல் நின்றது சாதிக்காகவா, நோய்க்காகவா என்று சட்டம் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? ரெண்டும் ஒரே தூரத்தில்தான் நின்றது.

1991-ல் அவளுக்குக் கல்யாணம். சொல்லித்தான் கட்டிக்கொடுத்தோம். ஏழு மாசத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். பஞ்சாயத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். "நீங்க கோர்ட்டுக்குப் போனாலும் நிக்காது, சட்டமே வலிப்புக்காரியைக் கட்டக் கூடாதுன்னுதான் சொல்லுது" என்றார். எங்களுக்கு மறுத்துப் பேசத் தெரியவில்லை. பின்னால் சட்டப் புத்தகத்தைத் தேடிப் படித்தபோது, அவர் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தது. 1955 இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் ஒரு திருத்தம் செய்து, திரும்பத் திரும்ப வருகிற சித்தக் கலக்கத்தோடு வலிப்பையும் கல்யாணத்துக்குத் தடையாகச் சேர்த்திருந்தார்கள். அதைக் காட்டிக் கல்யாணத்தைச் செல்லாது என்று கேட்கலாம். சுமார் 70 சதவீதம் பேருக்குச் சரியான மருந்தில் வலிப்பு நின்றுவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற ஒரு நோய்க்கு இந்தத் தண்டனை. வலிப்பு நோய்க்காகப் பாடுபடுகிற அமைப்புகளும் மருத்துவர்களும் விடாமல் கேட்டு, 1999 டிசம்பரில்தான் அந்த ஒரு சொல்லை எடுத்தார்கள்.

அக்காவுக்கு இப்போது அறுபது நெருங்குகிறது. அரசு ஆஸ்பத்திரி மாத்திரையில் வலிப்பு கட்டுப்பட்டு இருக்கிறது. ஒரே ஒரு சொல்லுக்காக இருபத்து மூன்று வருஷம் எத்தனை பெண்கள் திரும்பி வந்தார்களோ, அந்தக் கணக்கை எடுப்பார் யாருமில்லை.

*

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய மனநோயாளி இல்லங்கள் இருந்தன. அதில் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள்.

உச்ச நீதிமன்றம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கை எடுத்தது. சட்டப் புத்தகத்தில் இன்றைக்கும் அந்த வழக்கின் பெயரில் இருப்பது '25 சங்கிலியிடப்பட்டோர் மரணம்' என்பதுதான். முதலில் செத்தவர்களை வைத்துப் போட்ட தலைப்பு. காயத்தோடு கிடந்து பிறகு செத்த மூன்று பேர் தலைப்பில் ஏறவில்லை. செத்தும் கணக்கில் வராதவர்கள் என்று நான் சொன்னால் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம், சட்ட இதழ்களை எடுத்துப் பாருங்கள்.

2002 பிப்ரவரியில் நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவுகள் போட்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் இப்படிப்பட்ட இல்லங்களைக் கணக்கெடுக்க வேண்டும், உரிமம் இல்லாதவற்றை மூட வேண்டும், மாநிலத்துக்கு ஒரு அரசு மனநல மருத்துவமனையாவது இருக்க வேண்டும். சங்கிலியை நேராகப் பெயர் சொல்லித் தடை செய்த சட்டம் அதற்கும் பின்னால் வந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29-ல் அமலானது. அதன் 95-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது.

தர்காவையும் கோயிலையும் சர்ச்சையும் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவது பகுத்தறிவு பேசுகிறவர்களுக்குச் சுலபம். பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே விட்ட தாயை நான் பார்த்திருக்கிறேன். அவள் வேலைக்குப் போனால் பிள்ளை காணாமல் போவான். வேலைக்குப் போகாவிட்டால் ரெண்டு பேரும் பட்டினி. ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒருநாள் கூலி போகும், பஸ் காசு போகும். தங்க இடமும் ஒரு வேளைச் சோறும் கிடைத்த இடம் அது ஒன்றுதான். சங்கிலியில் பாதியை அரசாங்கம் அடித்தது என்பதை மறந்துவிட்டு மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசுவதில் நியாயமில்லை.

*

ஐக்கிய நாடுகளின் ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்றது. அதைக் காட்டி அமைப்புகள் வருஷக்கணக்காகப் போராடியதில் 2016 சட்டம் வந்தது. 2017 ஏப்ரல் 19-ல் அமலானது. ஏழு இருபத்தொன்றாயிற்று. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, நரம்பு நோய்கள், ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய், எல்லாம் உள்ளே வந்தன. கண்ணுக்குத் தெரியாதவற்றைச் சட்டம் இத்தனை பெயர் சொல்லி ஏற்றது அதுவே முதல் முறை.

மறுபடியும் பந்தியைப் பாருங்கள். 34-ஆம் பிரிவில் வேலை ஒதுக்கீடு 4 சதவீதம். நாலாவது ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் ஊனம், கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் எல்லோருக்கும் ஒரே இலையாகப் போட்டார்கள். ரத்த நோய்க்காரர்களுக்கு 32-ஆம் பிரிவில் உயர்கல்வி ஒதுக்கீடு உண்டு. 34-இல் வேலை இல்லை. படிக்கலாம், வேலைக்கு மட்டும் வராதே.

அரிவாள் செல் யாருடைய நோய்? ரத்தத்தின் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, நுண்ணிய ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. மேஸ்திரி 'சோம்பேறி' என்பான். இந்தியாவில் இது முதன்முதலில் 1952-ல் பதிவாயிற்று, நம் நீலகிரி மலையின் பழங்குடிகளிடம். அதே வருஷம் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டக் கூலிகளிடமும் கண்டார்கள். பிற்பாடு விதர்பாவின் மஹர் மக்களிடமும் பரவலாக இருப்பது தெரிந்தது. அம்பேத்கர் பிறந்த சமூகம் அது. 1952-ல் தெரிந்த நோய் சட்டத்தில் ஊனம் என்று பெயர் பெற 2016 ஆயிற்று. 2023 ஜூலையில்தான் இதை ஒழிக்க ஒரு தேசிய இயக்கத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. ஆதிவாசிக்கும் தலித்துக்கும் வருகிற நோய்க்கு மேசையில் கோப்பு நகர்கிற வேகம் இது.

இதற்கு மேல் சதவீதம் என்கிற வாசல். பெரும்பாலான சலுகைக்கு 40 சதவீத ஊனம் என்று டாக்டர் எழுத வேண்டும். மனநோயை எப்படிச் சதவீதமாக்குவது? 2002-ல் அரசு ஒரு அளவுகோலை ஏற்றது. தன்னைப் பராமரித்துக்கொள்வது, மற்றவரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. இந்த நாலுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் எத்தனை வருஷம் என்பதற்கு இன்னொரு 4. மொத்தம் 20. ஏழு எடுத்தால் 40 சதவீதம்.

'வேலை' என்கிற கட்டத்தைப் பாருங்கள். வசதியான வீட்டுப் பையனுக்கு மனம் கலங்கினால் அவன் அறைக்குள் படுத்துக்கொள்கிறான், வேலை இல்லை, மதிப்பெண் ஏறுகிறது. நம் வீட்டுப் பெண்ணுக்கு அதே குரல்கள் கேட்கின்றன. அவளும் விடிகாலையில் எழுந்து நூறுநாள் வேலைக்குப் போகிறாள், ஏனென்றால் போகாவிட்டால் அடுப்பு எரியாது. "வேலைக்குப் போறியாம்மா?" "போறேன் சார்." மதிப்பெண் இறங்குகிறது. பட்டினியைச் சக்தி என்று எழுதிக்கொள்கிறது அந்தத் தாள். நான் கூடப் போகும்போது முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: "போறேன்னு மட்டும் சொல்லாத. எத்தன நாளு பாதியில திரும்பி வந்த, எத்தன தடவ கூட இருந்தவங்க உன் பங்கு மண்ணையும் சேத்து வெட்னாங்க, அதைச் சொல்லு." அது பொய் சொல்லச் சொல்வதாகாது. கேட்கத் தெரியாதவரிடம் முழு உண்மையையும் சொல்லச் சொல்வது.

*

2021-ல் இரண்டு தீர்ப்புகள் வந்தன. நம் கைக்குக் கிடைத்திருக்கும் ஆயுதங்கள் என்பதால் அவற்றைச் சற்று விளக்க வேண்டும்.

பிப்ரவரியில் வந்தது விகாஷ் குமார் வழக்கு. குடிமைப் பணித் தேர்வு எழுதுகிறவர். பேனாவைப் பிடித்தால் கை இழுத்துக்கொள்ளும் கோளாறு. எழுதித் தர ஒரு ஆள் கேட்டார். உன் ஊனம் 40 சதவீதத்தை எட்டவில்லை, உனக்குத் தர முடியாது என்றது தேர்வாணையம். உச்ச நீதிமன்றம் சட்டத்தின் 2(எஸ்) பிரிவை எடுத்துக் காட்டியது. நீண்டகாலக் குறைபாடு ஒன்று, சமூகம் வைத்த தடைகளோடு மோதி ஒருவரை மற்றவர்க்குச் சமமாகப் பங்கெடுக்க விடாமல் செய்தால் அவர் ஊனமுற்றவர். அந்தப் பிரிவில் சதவீதமே கிடையாது. 40 என்பது 2(ஆர்) பிரிவில், ஒதுக்கீடு மாதிரி சில உரிமைகளுக்கு மட்டும் வருவது. நியாயமான வசதி கேட்பதற்கு 40 தேவையில்லை. இந்தத் தீர்ப்பின்படி 2022 ஆகஸ்டில் அரசு தேர்வு விதிகளையும் வெளியிட்டது.

டிசம்பரில் வந்தது ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கு. துணை ராணுவப் படை அதிகாரி. மனநோய் உள்ளவர். அவர் நடத்தையைக் குற்றமாக்கி ஒழுங்கு நடவடிக்கை எடுத்தார்கள். நடத்தைக்கு மனநோய் ஒரு காரணமாக இருந்தாலே போதும், அந்த நோயே முழுக் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படிப்பட்டவர் மீது நடவடிக்கை எடுப்பது மறைமுகமான பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. துப்புரவுப் பணியிலிருந்து 'சரியா வேலைக்கு வரல' என்று மெமோ வாங்கி நிற்கிற எத்தனை பேருக்கு இது பொருந்தும்!

இரண்டுக்கும் நடுவில், அதே வருஷம் ஏப்ரலில், இன்னொரு தீர்ப்பு. பார்வையில்லாத பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மேல் நடந்த பாலியல் கொடுமை. சாதி, பால், ஊனம் மூன்றும் ஒன்றோடொன்று பின்னி ஒடுக்குவதை உச்ச நீதிமன்றம் விரிவாக எழுதியது. பாலியல் குற்றத்துக்கான தண்டனையை உறுதி செய்தது. ஆனால், சாதிக்காகத்தான் செய்தான் என்பதற்குச் சாட்சியம் இல்லை என்று வன்கொடுமைச் சட்டத் தண்டனையை ரத்து செய்தது. குற்றம் நடந்த காலத்துச் சட்ட வாசகம் அப்படி. 2016 ஜனவரியில் அமலான திருத்தம் அந்த வாசகத்தை மாற்றி, இன்ன சாதி என்று தெரிந்து செய்தாலே போதும் என்றாக்கியது. புரிந்துகொள்கிற நீதிபதி கிடைத்தும் வாசகம் கையைக் கட்டிவிடும். ஆகவே வாசகத்துக்காகவும் சண்டை போட வேண்டியிருக்கிறது.

சட்டம் படிக்கிற மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்கும் கடைசியாகச் சில வேலைகளைச் சொல்கிறேன். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இலவச வக்கீல் உண்டு, ஊனமுற்றவருக்கும் உண்டு. இரண்டுக்கும் வருமான வரம்பு கிடையாது. 2017 சட்டத்தின் 27-ஆம் பிரிவு மனநோய் உள்ளவருக்குத் தனியாகவும் அந்த உரிமையைக் கொடுக்கிறது. இதை எழுதி உங்கள் காலனி மன்றத்துச் சுவரில் ஒட்டுங்கள். வசதி கேட்டு எழுதுகிற ஒவ்வொரு மனுவிலும் 2(எஸ்) என்று எழுதுங்கள், '40 இல்லையே' என்று சொல்லித் திருப்பினால் அதை எழுத்தில் கேளுங்கள். மருத்துவ முகாமைக் கலெக்டர் ஆபீசில் வைக்காமல் காலனியில் வைக்கச் சொல்லுங்கள். 34-ஆம் பிரிவில் ரத்த நோய்க்காரர்களைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை நம் மாநாட்டுத் தீர்மானங்களில் கொண்டுவாருங்கள். தனித்தொகுதி எம்.எல்.ஏ., எம்.பி. வந்தால் முதலில் இதைக் கேளுங்கள்: கூடலூரில் வலியோடு பிளஸ் டூ முடித்த பனியர் பையனுக்கு அந்த நாலு சதவீதத்தில் எந்த இலை?